பார்த்தியாவில் நடந்தது கிளர்ச்சியா, படையெடுப்பா?

"கிரேக்க ஆட்சியை எதிர்த்துப் பார்த்தியர்கள் கிளர்ந்தெழுந்து பேரரசு கண்டார்கள்" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தவறு. இன்றைய வடகிழக்கு ஈரானை ஒட்டிய பார்த்தியா மாகாணத்தில் கிளர்ச்சி செய்தவர் ஒருவர், நாட்டைப் பிடித்தவர் வேறொருவர்.

கிளர்ச்சி செய்தவர் ஆண்ட்ரகோரஸ், அலெக்சாந்தருக்குப் பின் அப்பகுதியை ஆண்ட கிரேக்க வம்சமான செலூக்கிய அரசே நியமித்த மாகாண ஆளுநர். கி.மு. 246-இல் மூன்றாம் சிரியப் போர் மூண்டு, எகிப்தின் மூன்றாம் தாலமி செலூக்கியரின் தலைநகரான அந்தியோக்கியா வரை வந்துவிட்டார். கிழக்கைக் கவனிக்க நாதியில்லை. ஆண்ட்ரகோரஸ் தன் பெயரிலேயே தங்கக் காசு அடித்துக்கொண்டார். அவர் செய்த பெரும்பிழை அதுதான் என்பேன். அறுத்துக்கொண்டு போனவருக்கு ஆபத்தில் எந்தப் பேரரசு படை அனுப்பும்?

அந்த ஆபத்து வடக்கிலிருந்து வந்தது. பர்னிகள், காஸ்பியனுக்குக் கிழக்கே இன்றைய துர்க்மெனிஸ்தானின் தேஜென் ஆற்றுப் பக்கம் குதிரைகளோடு திரிந்த ஈரானிய நாடோடிகள். தாகே கூட்டமைப்பில் ஒரு பிரிவினர். தலைவர் அர்சாக்கஸ். கி.மு. 238 வாக்கில் பார்த்தியாவுக்குள் புகுந்தார்கள். ஆண்ட்ரகோரஸ் மாண்டார். கையோடு பக்கத்து மாகாணமான ஹிர்கானியாவும் விழுந்தது.

அப்படியானால் கி.மு. 247? அது அர்சாக்கஸின் வம்சம் பின்பற்றிய அர்சாக்கிய ஆண்டுக்கணக்கின் தொடக்கம். அர்சாக்கஸ் முடிசூடியதோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். மாகாணத்தைப் பிடித்த ஆண்டு அதுவல்ல. பாபிலோனியக் களிமண் பலகைகளில் செலூக்கியக் கணக்கும் அர்சாக்கியக் கணக்கும் அருகருகே இருக்கும். செலூக்கிய ஆண்டில் 64-ஐக் கழித்தால் அர்சாக்கிய ஆண்டு: 171 என்றால் 107, அதாவது கி.மு. 141.

அர்சாக்கஸின் வெள்ளி திராக்மா காசை உற்றுப் பாருங்கள். சுமார் 4 கிராம். தாடியில்லாத முகம், காதை மூடித் தொங்கும் புல்வெளி நாடோடிகளின் மென்குல்லாய். மறுபக்கம் வில்லேந்தி அமர்ந்த வீரன். செலூக்கியக் காசில் அப்பல்லோ உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில் இவன்! எழுத்து பெரும்பாலும் கிரேக்கம். பின்வந்த அரசர்களும் 'அர்சாக்கஸ்' என்றே பொறித்ததால், பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஏமாந்துபோவோம். முகமும் பட்டங்களும்தான் துணை.

பிடித்த நாடு உடனே நிலைக்கவும் இல்லை. செலூக்கிய அரசர் இரண்டாம் செலூக்கஸ் படையோடு வந்தபோது அர்சாக்கஸ் புல்வெளிக்குப் பின்வாங்கி அப்பசியாக்கர்கள் என்ற நாடோடிகளிடம் ஒதுங்கினார். மேற்கே மறுபடி குழப்பம் வெடித்துச் செலூக்கஸ் திரும்பியதும் இவரும் திரும்பினார். கோட்டை கொத்தளத்தோடு கட்டுண்ட ஆளுநருக்கு இந்த வழியே கிடையாது. ஆனாலும் கி.மு. 209-இல் செலூக்கிய அரசர் மூன்றாம் ஆந்தியோக்கஸ் வந்து அர்சாக்கஸின் வாரிசைப் பணியவைத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என்னை அதிகம் உலுக்குவது மொழிதான். பர்னிகள் தாங்கள் வென்ற மாகாணத்தின் பெயரையும் பேச்சையுமே எடுத்துக்கொண்டார்கள். துர்க்மெனிஸ்தான் தலைநகர் அஷ்காபாத் அருகே பழைய பார்த்தியக் கோட்டையான நிசாவில் 2,500-க்கும் மேற்பட்ட எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. பெரும்பாலும் திராட்சை மதுக் கணக்கு, மொழி பார்த்தியம். பர்னி மொழியில் ஒரு வரிகூட இதுவரை கிடைக்கவில்லை.