சராசரியில் ஒளிந்துகொள்ளும் நெரிசல்

குடியிருப்புப் பகுதியில் ஸ்டேடியம் கட்டும் திட்டம் பற்றிய ஒரு கட்டுரை, 'ஸ்டேடியமே வேண்டாம்' என்று அங்கே குடியிருப்போர் சொல்வதாக முடிகிறது. அந்த வாசகத்தோடு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனால் 'ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார்கள். கணக்கைக் கேளுங்கள்.

திட்டத்தின் போக்குவரத்து அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, வாகனங்களை எண்ணிய நாளும் நேரமும். சாதாரண நாள் காலையில் எண்ணியிருந்தால் அது இதற்கு உதவாது. ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரம்தான் முக்கியம். ஆட்டம் பார்க்க 40,000 பேர் வந்து, அவர்களில் 30 சதவீதம் காரில், காருக்கு 2.5 பேர் என்றால் 4,800 கார்கள். சிக்னலே இல்லாத ஒரு தடத்தில் மணிக்கு சுமார் 1,800 கார்கள்தான் போகும். சிக்னலில் பாதி நேரம் சிவப்பு என்றால் 900. இரண்டு தடம் இருந்தாலும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று அப்போது கேளுங்கள். பெரும்பாலும் வரைபடத்தில் அதற்குக் கோடே இருக்காது.

இரைச்சலிலும் இதே வித்தைதான். 4 மணி நேர நிகழ்ச்சியை 16 மணி நேரச் சராசரியில் கரைத்தால் 6 டெசிபல் காணாமல் போகும். நிகழ்ச்சி நேரத்து அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: ஆண்டுக்கு எத்தனை நிகழ்ச்சிகள், இசைக் கச்சேரிகள் சேர்த்தா, எத்தனை மணிக்கு விளக்கணைப்பு? அனுமதி ஆணையின் நிபந்தனையாகவே இவை எழுதப்பட வேண்டும். வாய்மொழி உறுதி அடுத்த நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது.