"குளோபல் போட்டு முடி" என்றவர்களுக்கு

சனிக்கிழமை டெமோவில் நம் டீமின் புதுப் பெண்ணைப் பார்த்துச் சிரித்ததைப் பற்றித்தான். இருந்தவர்களுக்குத் தெரியும். ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அந்தப் பெண் சேர்ந்து ரெண்டு மாசம். திரையில் முதல் மாணவன் பெயருக்கு நேராக மார்க் வந்தது. இரண்டாவது பெயரில் 'அன்டிஃபைன்ட் வேரியபிள்' என்று சொல்லிப் பக்கம் நின்றுவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஓடும் ஃபங்ஷனுக்குள்ளே, டேட்டாபேஸோடு கனெக்‌ஷன் திறக்கும் ஃபைலை 'ரெக்வயர் ஒன்ஸ்' (ஒரே தடவை மட்டும் சேர்) என்று போட்டிருந்தாள். முதல் தடவை ஃபைல் ஓடும், கனெக்‌ஷன் வேரியபிள் அந்த ஃபங்ஷனுக்குள் பிறந்து அதோடு போய்விடும். அடுத்த தடவை, ஏற்கெனவே சேர்த்தாச்சு என்று பிஹெச்பி (நாம் கோட் எழுதும் மொழி) அந்த ஃபைலைத் தொடாது. அனுபவசாலியையே அரை மணி நேரம் சுத்தவிடும் தப்பு இது. ஏன் இப்படி என்று அவள் கேட்டதற்கு ஒரு சிரிப்பு! "ஸ்கோப்கூட தெரியாதா? குளோபல் போட்டு முடி."

ஸ்கோப் என்றால் ஒரு வேரியபிள் எங்கெங்கே தெரியும் என்பது. குளோபல் போட்டால் வெளியே இருக்கும் வேரியபிளை ஃபங்ஷன் உள்ளேயும் எடுத்துக்கொள்ளும். ஆனால் குளோபல் போடச் சொல்லாதீர்கள். கனெக்‌ஷனை ஆர்கியுமென்டாக, அதாவது ஃபங்ஷனைக் கூப்பிடும்போதே அடைப்புக்குறிக்குள், உள்ளே கொடுக்கச் சொல்லுங்கள்.

அவள் காலேஜில் படித்தது பைத்தான். வெளியே இருக்கும் வேரியபிளை அங்கே ஃபங்ஷன் தானாகப் படிக்கும். பிஹெச்பியில் படிக்காது. சிரித்தவர்களில் பாதிப் பேர் டேட்டாபேஸைக் கேட்கும் பழைய 'மைஎஸ்கியூஎல் குவெரி' ஃபங்ஷன் காலத்து ஆட்கள், நானும்தான். அதற்குக் கனெக்‌ஷனே கொடுக்க வேண்டாம், கடைசியாகத் திறந்ததை அதுவே எடுத்துக்கொள்ளும். 2015-இல் பிஹெச்பி 7 வந்தபோது அதைத் தூக்கிவிட்டார்கள். அதுவரை நம் கோட் ஓடியது நமக்கு ஸ்கோப் தெரிந்ததால் இல்லை.

"வேர்ட்பிரஸ்ஸே குளோபல்தானே" என்று வருவீர்கள். அது 2003-இல் வந்த, வெப்சைட் நடத்தும் சாஃப்ட்வேர், பழைய ப்ளகின்களை உடைக்க முடியாது. போன மாசம் ஆரம்பித்த நம் ப்ராஜெக்டுக்கு என்ன கட்டாயம்? சின்ன ஸ்கிரிப்ட்டுக்கு இவ்வளவு வேண்டுமா என்றால், வேண்டும்.

"ஃபங்ஷனுக்குள்ளேயே புதுசா கனெக்ட் பண்ணிக்கலாமே" என்பவர்களுக்கு என் கதை. ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு பில்லிங் எழுதினேன். பில் போடுவது ஒரு கனெக்‌ஷனில், டிரான்ஸாக்‌ஷனோடு. ஸ்டாக் குறைக்கும் ஃபங்ஷன் தனியாக இன்னொன்றைத் திறந்தது. பில் எரர் ஆகி ரோல்பேக் ஆனது, அதாவது அந்த டிரான்ஸாக்‌ஷனில் செய்ததெல்லாம் ரத்து. ஸ்டாக் குறைந்தது குறைந்ததுதான், அது வேறு கனெக்‌ஷன் ஆயிற்றே. முதலாளி குடோனில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டு சோப்புப் பெட்டிகளை எண்ணினார். கணக்கில் இருந்ததைவிடக் குடோனில் 40 பெட்டி கூடுதல். ராத்திரி பதினோரு மணிக்கு, "தம்பி, உங்க சிஸ்டத்த நம்பவா, என் கண்ண நம்பவா"ன்னு கேட்டார். திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்தார். கனெக்‌ஷனைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"வேலை இடத்தில் இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும்" என்கிறீர்களா? எதற்குத் தாங்க வேண்டும்? அவள் கேட்டது ஒரு சந்தேகம். பதில் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

நேற்று அவளோடு உட்கார்ந்து அந்த ஃபங்ஷனை மாற்றினேன். அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வேரியபிள் கூடுதலாக. அறுபது பேர் மார்க்கும் வரிசையாக வந்தது. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றாள். என்னிடம் பதில் இல்லை. சனிக்கிழமை நானும் அங்கேதான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.