பல்லுக்குள் வைக்கும் மருந்து ஸ்டெம் செல்களை அழித்துவிடுமா?

வேர் முழுதாக வளராத சிறுவர்களின் பல்லுக்குள் எந்த மருந்தை வைத்தாலும் அங்குள்ள ஸ்டெம் செல்கள் (வேரை வளர்க்கும் மூலச் செல்கள்) அழிந்துவிடும் என்று பரவும் தகவல் தவறு. விளைவைப் பெரிதும் தீர்மானிப்பது மருந்தின் செறிவு. பல்லின் உட்புறத்தைக் கழுவும் கிருமிநாசினியான சோடியம் ஹைப்போகுளோரைட் 6 சதவீதச் செறிவில் வேர்நுனியிலுள்ள இந்த ஸ்டெம் செல்களைக் கடுமையாகப் பாதிப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்ததால்தான், வேரைத் தொடர்ந்து வளரச் செய்ய முயலும் மறுவளர்ச்சிச் சிகிச்சையில் 1.5 சதவீதக் கரைசலைப் பயன்படுத்தி, பின்னர் 17 சதவீத இ.டி.டி.ஏ. (பல்லின் உட்சுவரைச் சுத்தம் செய்யும் கரைசல்) கொண்டு கழுவுமாறு அமெரிக்க எண்டோடான்டிக்ஸ் சங்கம் (பல்வேர் சிகிச்சை நிபுணர்களின் அமைப்பு) பரிந்துரைக்கிறது. மூன்று ஆன்டிபயாட்டிக் கலந்த பசையும் அதிகச் செறிவில் வைத்தால் அச்செல்களுக்கு நச்சாகும். அதனாலேயே மில்லிலிட்டருக்கு 1 முதல் 5 மில்லிகிராம் என்ற அளவு சொல்லப்படுகிறது. பல்லுக்குள் வைக்கும் மற்றொரு மருந்தான கால்சியம் ஹைட்ராக்சைடில் அச்செல்கள் நன்றாகவே பிழைக்கின்றன. இந்த வதந்தியை நம்பி, அடிபட்டுச் சீழ்பிடித்த முன்பல்லைப் பெற்றோர் அப்படியே விட்டுவிடுவார்களோ என்பதே என் கவலை: தொற்று நீடித்தால் அந்தச் செல்களும் மிஞ்சாமல் போகலாம்.