இறக்குமதி செய்தாலே குடும்ப மரங்கள் இணைந்துவிடுவதில்லை

குடும்ப மரம் தயாரிக்கும் கிராம்ப்ஸ் (Gramps) மென்பொருளில் இரண்டு ஜெட்காம் (GEDCOM, குடும்ப மர விவரங்களைப் பரிமாறும் வடிவம்) கோப்புகளை அடுத்தடுத்து இறக்குமதி செய்தால் ஒரே நபரின் பதிவுகள் தானாகவே இணையும், தவறானால் எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லப்படுவது சரியல்ல.

ஜெட்காமில் ஒவ்வொரு நபருக்கும் தரப்படும் அடையாள எண் அந்தக் கோப்புக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஆகவே இரு கோப்புகளிலும் உள்ள ஒரே தாத்தா இரண்டு பேராகவே வந்து நிற்பார். பெயரையும் தேதியையும் ஒப்பிட்டு, ஒரே நபராக இருக்கக்கூடியவர்களை மென்பொருள் பரிந்துரைக்கும்; இணைக்க வேண்டியவர் நாம்தான்.

புதுச்சேரிக் குடும்பங்களில் அந்தப் பரிந்துரை இருபுறமும் ஏமாற்றக்கூடியது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால், பிறந்த ஆண்டு குறிக்கப்படாத இருவர் ஒருவராகத் தோன்றுவர். 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின்படி தம் சமூகச் சட்டநிலையை (சாதி, மத வழக்கச் சட்டங்களின் கீழ் இருக்கும் நிலையை) துறந்து குடும்பப் பெயர் ஏற்றவரோ, திருமணப் பதிவில் பழைய பெயரிலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் புதிய பெயரிலும் இருந்தால், ஒருவரே இருவராகிவிடுவார். இத்தகைய இடங்களில் பெற்றோர் பெயரை, குறிப்பாகத் தாயின் பெயரை, ஒத்துப்பார்க்காமல் இணைப்பது பெரும் தவறு என்பது என் உறுதியான கருத்து.

இணைத்ததைச் செயல்நீக்கம் (undo) செய்யும் வசதி, மரத்தை மூடும்வரைதான் கிடைக்கும். வடிகட்டி (filter) வைத்து மரத்தின் ஒரு கிளையை மட்டும் ஏற்றுமதி செய்வது வேறு வேலை. அது தவறாக இணைந்த இருவரைப் பிரித்துத் தராது. எனவே இணைக்கும் முன் காப்புப் பிரதி எடுத்துவையுங்கள்.