ஒரு ஈயன்னாவுக்கு இருபது நிமிஷமா?

அந்த நாற்பது நொடி வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு. லிங்க்கை நான் மறுபடி போடப்போவதில்லை, அந்த டீச்சர் பட்டது போதும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, கையை இறக்கை மாதிரி ஆட்டிக்கொண்டு, பேர் மறந்த ஈ கதை சொல்கிறார். அதை எடுத்துப் போட்ட புண்ணியவான் மேலே எழுதிய வரி: "ஒரு ஈயன்னா சொல்லித்தர இருபது நிமிஷம். சம்பளம் மட்டும் கரெக்டா வந்துடும்." கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

சிரித்த பெரியவர்களே, அங்கே நடந்தது ஈயன்னாப் பாடம் இல்லை. வாசிப்புப் பாடம். இரண்டும் ஒன்று என்று நினைப்பதுதான் பிரச்சினையே.

கதை மறந்துபோனவர்களுக்கு: ஓர் ஈக்குத் தன் பேர் மறந்துவிடுகிறது. "கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா" என்று ஒவ்வொருவரிடமும் போய், "என் பேர் என்ன?" என்று கேட்கிறது. கோல், மரம், கொக்கு, குளம், மீன், மண் என்று சங்கிலி நீண்டு, கடைசியில் புல்லைத் தின்னும் குதிரை 'ஈஈ' என்று கனைக்க, பேர் கிடைத்துவிடுகிறது. ஊருக்கு ஊர் கண்ணிகள் கொஞ்சம் மாறும்.

இப்போது இதற்குள் இருப்பதைப் பாருங்கள். கோலில் ல, குளத்தில் ள, கொழுவில் ழ. மண்ணில் மூணு சுழி, மீனில் ரெண்டு சுழி. மரத்தில் சின்ன ர, கன்றில் பெரிய ற. உங்கள் கமெண்ட்டுகளிலேயே இவை தாறுமாறாக மாறிக் கிடக்கின்றன, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அதோடு, "குளத்தில் வாழும் மீனே" என்று முடிந்த சொல் அடுத்த அடியில் "மீனைப் பிடிக்கும்" என்று வால் முளைத்து வருகிறது. மண்ணே, மண்ணில். புல்லே, புல்லைத் தின்னும். சொல் அதேதான், வால் மட்டும் மாறுகிறது. வேற்றுமை உருபு என்ற பெயரைக் கேட்பதற்கு வருஷக்கணக்கில் முன்னாலேயே குழந்தையின் காது அதை வாங்கிக்கொள்கிறது. இதற்கு இருபது நிமிஷம் அதிகமா?

இனி, கதையை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோகிறவர்களும் உண்டு. அது அரை வேலை. கதை சொன்னதால் மட்டும் யாருக்கும் வாசிக்க வராது. கதையிலிருந்து சொல்லுக்கு, சொல்லிலிருந்து எழுத்துக்கு இறங்க வேண்டும். அந்த இறக்கம் நாற்பது நொடி வீடியோவில் தெரியாது, அதற்கு இரண்டு வாரமாவது ஆகும்.

முதல் மூன்று நாள் வாய்வழி மட்டும். போர்டு பக்கமே போகக் கூடாது. தினமும் அதே வரிசை, அதே வார்த்தை. சுவை கூட்டுகிறேன் என்று ஒவ்வொரு நாளும் மாற்றிச் சொன்னால் எல்லாம் கெட்டது, சங்கிலி அப்படியே நின்றால்தான் அடுத்து வரும் சொல்லைக் குழந்தையால் ஊகிக்க முடியும். "என் பேர் என்ன?" மட்டும் வகுப்பே சேர்ந்து சொல்லும். நாலாம் நாள் அந்த மூன்று சொல்லையும் சார்ட்டில் பெரிதாக எழுதி, சொல்லச் சொல்ல ஒவ்வொன்றின் கீழும் விரலை நகர்த்த வேண்டும். இங்கேதான் முதல் சிக்கல். பேர் என்பதில் இரட்டைக் கொம்பு ப-வுக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போகும் பிஞ்சு விரல் கொம்பில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கொம்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரே வண்ணத்தில் எழுதிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

(எ, ஏ குழப்பம் தீர இரட்டைக் கொம்பைக் கொண்டுவந்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்வார்கள். பரமார்த்த குரு கதை எழுதியவரும் அவரேதான். எழுத்தைத் திருத்தியவருக்குக் கதை சொல்லவும் நேரம் இருந்திருக்கிறது. அவர் பக்கத்திலும் போய் 'டைம் வேஸ்ட்' என்று போட்டிருப்பீர்கள்.)

அடுத்து அட்டைகள். சங்கிலியில் உள்ள எல்லாச் சொல்லும் வேண்டாம். ஈ, மண், புல், மீன், குளம். ஐந்தே ஐந்து. ஏ4 தாளை நாலாக மடித்துக் கிழித்தால் அளவு சரியாக இருக்கும். முதல் நாள் படத்தோடு, மறுநாள் படம் இல்லாமல். கொக்கை ஆசைப்பட்டு முதலிலேயே சேர்த்துவிடாதீர்கள். கொ-வில் க-வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால், குழந்தை திணறிப்போகும். அது இரண்டாவது வாரத்துக்கு.

பிறகு கைதட்டல். குளம் என்று தட்டச் சொன்னால் பிள்ளைகள் இரண்டு தட்டுத்தான் தட்டுவார்கள்: கு, ளம். எழுத்தோ மூன்று. குழந்தை தப்பாகத் தட்டவில்லை, காதுக்கு அசைதான் கேட்கும், புள்ளி வைத்த எழுத்து தனியாகக் கேட்காது. எழுதும்போது 'குள' என்று எழுதி ம்-ஐ விழுங்குவதும் இதனால்தான். உயிர்மெய்க்குத் தட்டு, புள்ளி எழுத்துக்கு விரலைச் சொடுக்கு என்று பிரித்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். அதன் பிறகுதான் கத்திரிக்கோல். மீன் அட்டையை மீ, ன் என்று இரண்டாக வெட்டலாம். அந்த மீ-யை மேலும் வெட்டக் கூடாது.

கன்று என்று எழுதியிருப்பதைக் குழந்தை 'கன்னு' என்று வாசிக்கும். திருத்தாதீர்கள், அது எழுத்தைப் பார்த்துப் பொருளைச் சொல்லியிருக்கிறது. "ஆமா, கன்னு. புத்தகத்துல கன்று-ன்னு எழுதுவாங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

"நாங்கல்லாம் அனா ஆவன்னா வரிசையாத்தான் படிச்சோம், நல்லாத்தானே இருக்கோம்?" நல்லாத்தான் இருக்கிறீர்கள், மகிழ்ச்சி. உங்களோடு உட்கார்ந்து, வாசிக்கவே வராமல் பாதியில் நின்றுபோனவர்கள் இங்கே வந்து கமெண்ட் போட மாட்டார்கள் இல்லையா? நாளுக்கு ஓர் எழுத்து என்றால் 247 நாள். ஒரு கல்வியாண்டில் அத்தனை வேலை நாளே கிடையாது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், அதற்கு மேல் கால், கொம்பு, விசிறி போன்ற குறிகள், அவ்வளவுதான் சரக்கு. உகர, ஊகார வரிசை மட்டும் அடங்காப்பிடாரி. கு, சு, டு, து ஒன்றுக்கொன்று ஒட்டாது. அதை வரிசையில் போட்டு உருட்டுவதைவிட, கதையில் எது வருகிறதோ அதை அப்போது பிடிப்பது மேல்.

"அது வாசிப்பு இல்ல, மனப்பாடம்" என்கிறார் இன்னொருவர். இது நியாயமான கேள்வி. முதல் வாரம் அது மனப்பாடம்தான். விரல் 'மீன்' மேல் இருக்கும், வாய் 'மண்' சொல்லும். கண்டுபிடிப்பது சுலபம். 'குதிரையைத்', 'தின்னும்' என்று இரண்டு அட்டை கூடுதலாக எழுதி, எல்லாவற்றையும் கலைத்து, கதையில் இல்லாத ஒரு வரியைச் செய்யுங்கள்: "மீன் குதிரையைத் தின்னும்." எதுவும் சொல்லாமல் போர்டில் ஒட்டிவிட்டுக் காத்திருங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை "புல்லைத் தின்னும் குதிரையே" என்று பழைய பாட்டையே பாடும். வாசித்த பிள்ளை முதலில் முகத்தைச் சுளிக்கும், விரலை மறுபடி ஆரம்பத்துக்குக் கொண்டுபோகும், 'குதிரையை'யில் ஒரு நொடி நிற்கும், அப்புறம் வெடித்துச் சிரிக்கும். இதைவிட நேர்மையான தேர்வுத்தாள் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.

பழைய கதைகளில் பொய்யும் ஏமாற்றும் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது. வேண்டாததை விட்டுவிட்டு வேறு கதை எடுங்கள், கதைக்கா பஞ்சம்?

இதில் எனக்கு எரிச்சலே வேறு. பத்தாம் வகுப்பு வாத்தியார் சாக்பீஸோடு நின்றால் அது கற்பித்தல், ஒன்றாம் வகுப்பு டீச்சர் தரையில் உட்கார்ந்தால் வேலைக்கள்ளம். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது யாரும் செய்யக்கூடிய வேலை என்ற நினைப்பு. சரி, செய்து பாருங்கள். முப்பது பிள்ளைகளை, ஆறு வயதுக்காரர்களை, ஒரே சொல்லின் மேல் ஒரே நேரத்தில் கண் வைக்கச் சொல்லுங்கள். வேண்டாம், வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு செல்போனைக் கையில் கொடுக்காமல் இருபது நிமிஷம் உட்கார வையுங்கள், பார்க்கலாம். அந்தப் பிள்ளைகளின் முகத்தை மறைக்காமல் போட்டிருக்கிறார்களே, யாரைக் கேட்டார்கள்? ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. 'சம்பளம்' மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டிருக்கிறது.

வீடியோவை முழுசாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. 36-வது நொடி. டீச்சர் குதிரை மாதிரி கனைக்கிறார், எல்லாரும் கத்துகிறார்கள். வலது ஓரத்தில் ஒரு பையன் மட்டும் கத்தவில்லை. திரும்பி, சுவரில் இருக்கும் எழுத்து அட்டவணையில் தேடுகிறான். நாலாவது கட்டத்தில் விரலை வைக்கிறான். வைத்துவிட்டு, பக்கத்துப் பையனின் சட்டையைப் பிடித்து இழுக்கிறான்.