வாழ ஒரு நாடு கேட்டால் பின்லாந்து என்பேன்

ஓய்வு பெற்ற ஆசிரியைகள் பதினேழு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். போன வாரம் அதில் ஒருவர் கேட்டார்: பணம், விசா, வயது எதுவும் தடை இல்லை என்றால் எந்த வெளிநாட்டில் போய் வாழ ஆசை? ஆறேழு பேர் சிங்கப்பூர் என்றார்கள். கோயில் இருக்கிறது, கறிவேப்பிலை கிடைக்கும், நாலு மணி நேரத்தில் ஊருக்கு வந்துவிடலாம். பிள்ளைகள் இருக்கும் இடம் என்பதால் சிலர் அமெரிக்கா, கனடா என்றார்கள். நான் பின்லாந்து என்று எழுதினேன். "அந்தக் குளிரிலா டீச்சர்?" என்று உடனே பதில் வந்தது. ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

போன வருடம் மகளின் தலைப்பிரசவத்துக்காகப் போயிருந்தேன். ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நகரம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். அவளால் வர முடியவில்லை, அதனால் சுக்கு, வசம்பு, பிரசவ லேகியத்தோடு தாய் வீடு அவளிடம் போனது. விசா 90 நாளுக்குத்தான். செப்டம்பர் 3 முதல் நவம்பர் 29 வரை, 88 நாள் இருந்தேன்.

போய் இறங்கிய அன்றே மகள் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினாள். அரசு அனுப்பியது. பிறக்கப் போகிற குழந்தைக்கு உடைகள், காலுறை, தொப்பி, பனிக்கான முழு உடுப்பு, போர்வை, அடியில் ஒரு சின்ன மெத்தை. பொருட்களை எடுத்துவிட்டால் பெட்டியே குழந்தை படுக்கிற தொட்டில். வேண்டாம் என்றால் 170 யூரோ பணமாக வாங்கிக்கொள்ளலாம். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் பெட்டியைத்தான் வாங்குகிறார்கள். 1938-ல் ஏழைத் தாய்மாருக்கு என்று ஆரம்பித்து, 1949-ல் எல்லோருக்கும் ஆக்கியிருக்கிறார்கள். முக்கியமான நிபந்தனை: கர்ப்பத்தின் நாலாம் மாதம் முடிவதற்குள் மருத்துவரையோ தாய்சேய் நல நிலையத்தையோ பார்த்திருக்க வேண்டும். பெட்டியைக் காட்டி எல்லாப் பெண்களையும் பரிசோதனைக்கு வரவழைத்துவிட்டார்கள். 1930-களில் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் அறுபதுக்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று அது இரண்டை ஒட்டி இருக்கிறது. பெட்டி மட்டும் இதைச் செய்யவில்லை, அந்த நிலையங்களும் மருத்துவமும் சேர்ந்து செய்தன. நம் ஊரிலும் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது, குழந்தைக்குப் பெட்டகம் கொடுக்கிற யோசனையும் வந்தது. அதனால் அந்தப் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை.

பணக்கார நாடு, அதனால் செய்கிறார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். மருமகன் சொன்ன பிறகுதான் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1866 முதல் 1868 வரை அங்கே பெரும் பஞ்சம். மக்கள்தொகையில் சுமார் 8 சதவீதம் பேர் செத்துப்போனார்கள். பைன் மரப்பட்டையை இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்டிருக்கிறார்கள். நம் தாது வருடப் பஞ்சத்துக்குப் பத்து வருடம் முன்னால் நடந்தது இது. பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச மதிய உணவு என்று 1943-ல், போருக்கு நடுவில் சட்டம் போட்டு, 1948-லிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த 1948-ல் அவர்கள் சோவியத் யூனியனுக்குப் போர் இழப்பீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். போரில் சோவியத்திடம் பறிபோன கரேலியா பகுதியிலிருந்து வந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு வீடும் நிலமும் தேடிக்கொண்டிருந்தார்கள். கையில் பணம் சேரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து வகுப்பறையில் பல வருடம் தமிழ்ப் பாடம் நடத்தியவள் நான். பதினோரு மணிக்குச் சாம்பார் வாசம் வந்ததும் சில பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஒரு செய்திக்காகவே அந்த நாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

ஆனால் நான் வாழ ஆசைப்படுவதற்குக் காரணம் வேறு.

பேத்தி பிறந்து மூன்றாவது வாரம். அங்கே 2022 ஆகஸ்ட்டிலிருந்து தாய்க்கு 160 நாள், தந்தைக்கு 160 நாள் என்று பெற்றோர் விடுப்பு உதவித்தொகையோடு கொடுக்கிறார்கள். மருமகன் வீட்டில்தான் இருந்தார். ஒரு நாள் காலையில், "அத்தை, இன்னைக்கு முழுக்க நான் பாத்துக்கிறேன். நீங்க தனியா எங்கயாவது போயிட்டு வாங்க" என்று பயணச் சீட்டை என் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தார்.

முப்பத்தி நாலு வருடம் வேலை பார்த்தவள் நான். பள்ளிக்குத் தனியாகப் போவேன், வருவேன். வங்கிக்கு, கடைக்கு, கல்யாண வீட்டுக்குப் போவேன். ஒரு காரணமும் இல்லாமல், யாரிடமும் போகாமல், ஒரு பகல் முழுவதையும் வெளியே கழித்தது அறுபது வயதில் அன்றுதான் முதல் முறை. நம் ஊரில் ஒரு பெண் அப்படிக் கிளம்பினால் எங்கே போய் உட்காருவாள் என்று யோசித்துப் பாருங்கள். கோயில் நடை பன்னிரண்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார முடியாது. துணிக்கடையில் எதையாவது வாங்கியாக வேண்டும். சிறுநீர் கழிக்க இடம் தேட வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்போம். என் தோழிகளில் பாதிப் பேருக்குச் சிறுநீர்த் தொற்று வந்து போயிருக்கிறது.

அன்று ஹெல்சிங்கி மைய நூலகத்துக்குப் போனேன். அதன் பெயர் 'ஓடி', அவர்கள் மொழியில் வாழ்த்துப்பா என்று பொருள். நாடு சுதந்திரம் பெற்ற நூற்றாண்டுப் பரிசாகக் கட்டி, 2018 டிசம்பர் 5-ல் திறந்திருக்கிறார்கள். உள்ளே போக யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை, கையெழுத்து வாங்கவில்லை, பையைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. மேல் தளத்தில் புத்தகங்கள், உயிருள்ள மரங்கள், குழந்தைகள் உருண்டு விளையாடும் கம்பளம், அதன் பக்கத்தில் வரிசையாக நிற்கும் தள்ளுவண்டிகள். நடுத் தளத்தில் தையல் எந்திரங்கள்! முன்பதிவு செய்துகொண்டு யார் வேண்டுமானாலும் தைக்கலாம், காசு கிடையாது. இரண்டு நாள் கழித்து, நைந்து மெதுவாகிப்போன என் காட்டன் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு போய் பேத்திக்கு ஐந்து ஜப்லா தைத்தேன். எனக்கு அந்தப்பக்கம் ஒரு பையன் பள்ளிக் கண்காட்சிக்கு ஏதோ பிளாஸ்டிக் சக்கரத்தை எந்திரத்தில் அச்சிட்டுக்கொண்டிருந்தான். இந்தப்பக்கம் ஒரு சோமாலியப் பெண் திரைச்சீலைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண் தெரியவில்லை. அவர் வாங்கிக் கோத்துக் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை.

மேல்தளத்தில் ஒரு நீண்ட பால்கனி உண்டு. நேர் எதிரே அவர்களுடைய நாடாளுமன்றம். 1906-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் கொடுத்து, அடுத்த வருடமே 19 பெண்களை உறுப்பினர்களாக்கிய நாடு. ரஷ்யப் பேரரசுக்குக் கீழே இருந்தபோதே இதைச் செய்திருக்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர் சாதத்தைச் சாப்பிட்டேன். குழாயில் பிடித்த தண்ணீர் குடித்தேன். அந்தத் தண்ணீர் பையன்னே ஏரியிலிருந்து பாறைக்குள் 120 கிலோமீட்டர் குடைந்த சுரங்கம் வழியாக வருகிறதாம். 1982-ல் முடித்த வேலை. ஊரில் கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டால் போன் போட்டுக் காத்திருக்கிற நமக்கு அந்தக் குழாயடி ஒரு புண்ணியத் தலம்தான்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் கிளம்பிவிடுவேன். சுவோமென்லின்னா என்ற தீவுக் கோட்டைக்குப் படகில் போக, பேருந்துக்கு வாங்குகிற அதே சீட்டு போதும். பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப் போனால் எனக்குச் சீட்டே தேவையில்லை. தள்ளுவண்டியோடு வருகிறவர்களுக்குப் பேருந்து, டிராம், மெட்ரோ எல்லாம் இலவசம். நடுக்கதவு திறக்கும், படி தடுக்காமல் வண்டி உள்ளே போகும்.

காட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிரசவத்துக்கு முந்தின வாரம் மருமகன் நூக்ஸியோ என்ற காட்டுக்குக் கூட்டிப் போனார். தரையெல்லாம் சிவப்பாக லிங்கன்பெர்ரி. நம் களாக்காய் மாதிரி சுருக்கென்ற புளிப்பு. ஒரு வாளி நிறையப் பறித்து, வெல்லமும் மிளகாய்த்தூளும் போட்டுத் தொக்குக் கிளறினேன். காடு யாருடையதாக இருந்தாலும், வீட்டு முற்றத்துக்கோ பயிருக்கோ இடைஞ்சல் இல்லாமல் எவரும் நடக்கலாம், பழமும் காளானும் பறிக்கலாம். எல்லோருக்குமான உரிமை என்றே அதற்குப் பெயர். வெளிநாட்டிலிருந்து வந்த எனக்கும் அது உண்டு என்று மருமகன் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. அதே காட்டுப்பழத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாய்லாந்திலிருந்து பழம் பறிக்க அழைத்து வரப்பட்ட கூலிகளைச் சுரண்டிய வழக்குகள் அங்கே நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. எனக்கு இனித்த அந்த உரிமையை வைத்தே சிலர் ஏழைகளை வதைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது மனம் கனத்தது.

சரி, குளிர். அதற்கு உடுப்பு இருக்கிறது. என்னைப் படுத்தியது இருட்டுதான். நவம்பர் கடைசியில் எட்டே முக்காலுக்கு மேல் விடிகிறது, மூன்றரைக்குள் அடைந்துவிடுகிறது. இருட்டில் நடப்பவர்கள் ஒளியில் மின்னுகிற வில்லை ஒன்றை உடையில் தொங்கவிட வேண்டும். மகள் என் கோட்டில் ஒன்று மாட்டிவிட்டாள். சில நாட்களில் மத்தியானம் இரண்டு மணிக்கே காரணமில்லாமல் அழுகை வந்தது. அண்டை வீட்டார் மூன்று மாதத்தில் தலையசைத்ததற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அது கர்வம் இல்லை, அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்கிற பழக்கம் என்று மகள் சொன்னாள். பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக் குளிர்ந்த பால்கனியில் தூங்க வைக்கிறார்கள் என்றபோது அவளோடு சண்டையே போட்டேன். தாய்சேய் நிலையத்துச் செவிலியும் அதையே சொன்னார். பேத்தி அங்கேதான் நன்றாகத் தூங்கினாள், நான் ஒப்புக்கொண்டேன்.

மொழி கடினம் என்கிறார்கள். பதினைந்து வேற்றுமையாம். தமிழாசிரியையான எனக்கு அது பயமாக இல்லை, ஆசையாகத்தான் இருந்தது. தாலோ என்றால் வீடு. தாலொஸ்ஸா, வீட்டில். தாலொஸ்தா, வீட்டிலிருந்து. நம்மைப் போலவே சொல்லின் வாலில் உருபு ஒட்டுகிறார்கள்! இன்னும் பத்து வயது குறைவாக இருந்தால் படித்தே தீர்ந்திருப்பேன்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது ஒன்று உண்டு. 18 வயது கடந்த மகளின் தாய், அங்கே சட்டப்படி குடும்ப உறுப்பினர் இல்லை. மிகச் சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோரைக் கூடவே வைத்துக்கொள்ள வழி கிடையாது. பிள்ளைகளுக்கும் கதவு ஒடுங்கிக்கொண்டே வருகிறது. 2024 அக்டோபரிலிருந்து குடியுரிமைக்கு ஐந்து வருடத்துக்குப் பதில் எட்டு வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். குழந்தை பிறப்பதற்கு முன்பே அதற்குப் பெட்டி அனுப்பி வைக்கிற நாடு, அந்தக் குழந்தையின் பாட்டியை 90 நாளில் திருப்பி அனுப்புவது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நான் அவர்கள் பணத்தைக் கேட்கவில்லை. என் ஓய்வூதியத்தில் சாப்பிட்டுக்கொள்வேன்.

2018-லிருந்து 2025 வரை எட்டு வருடமும் உலக மகிழ்ச்சிப் பட்டியலில் பின்லாந்துதான் முதல் இடம் என்று குழுவில் ஒரு தோழி தேடிப் போட்டார். அங்கே யாரும் சிரித்துக்கொண்டே திரிவதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது, அறுபது வயதுப் பெண் ஒருத்தி யாருடைய சிபாரிசும் இல்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், காலையில் கிளம்பிச் சாயங்காலம் வீடு திரும்ப முடிகிற ஊர். எனக்கு அது போதும்.

நேற்று மகள் ஒரு படம் அனுப்பினாள். அந்த நூலகத்துக் கம்பளத்தில் பேத்தி குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். நான் தைத்த ஜப்லா இப்போது அக்குளில் இறுக்குகிறது. அடுத்த அளவுக்குத் துணி வெட்டி வைத்திருக்கிறேன். விசாவுக்கு எழுதிப் போட்டாயிற்று. கிடைத்ததும் நாளைச் சொன்னால், தையல் எந்திரத்துக்கு மகள் முன்பதிவு செய்துவிடுவாள்.