பத்து பவரா, இருபது பவரா?

போன மாதம் மெடிக்கலில் சீட்டை நீட்டினேன். கடையில் புதுப் பையன். சீட்டைப் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பி, "அண்ணா, எசிடலோபிராம் பத்து பவர் இருக்குதுங்களா? இருபது எடுத்தேன், இவருக்குப் பத்துதானாமுங்ணா" என்று கத்தினான். எனக்குப் பின்னால் என் மகனின் பி.டி. மாஸ்டர் இருமல் மருந்துக்காக நின்றுகொண்டிருந்தார். எசிடலோபிராம் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான மாத்திரை. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு கூடவே, 'நல்லவேளை, பத்து என்றுதான் சொன்னான்' என்று ஒரு அல்ப நிம்மதியும் வந்தது பாருங்கள், அதுதான் வீடு வரைக்கும் உறுத்திக்கொண்டே வந்தது.

மருந்தின் அளவுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பவர். கண்ணாடிக்கும் பவர், மாத்திரைக்கும் பவர். கண்ணாடியில் பவர் ஏறினால் கண் மோசமாகிவிட்டது என்று அர்த்தம். அதே கணக்கை மாத்திரைக்கும் போட்டுவிடுகிறோம். என் சித்தி மகளுக்கு டாக்டர் அதே வகை மருந்தான செர்ட்ராலின் 50 எழுதிக் கொடுத்தபோது அவள் எனக்கு போன் போட்டு அழுதாள். "உனக்கே பத்துதானே, எனக்கு அம்பதாமா? அவ்வளவு முத்திப்போச்சா?" செர்ட்ராலின் வழக்கமாக ஆரம்பிப்பதே 50-இல்தான், 200 வரை போகும். எசிடலோபிராம் பெரும்பாலும் 10-இல் தொடங்கி 20-இல் நின்றுவிடும். இரண்டின் மில்லிகிராமையும் ஒப்பிடுவது பவுனையும் பருப்பையும் ஒரே தராசில் நிறுப்பது போல. இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. சீட்டு எழுதும்போதே டாக்டர் சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் அப்பா போனார். அப்பாவோடு என் தூக்கமும் போனது. ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள எழுந்து உட்காருவேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "டென்ஷன்தான், ராத்திரி இதுல ஒண்ணு போடுங்க" என்றார். போட்டேன், தூங்கினேன். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஜிஎஸ்டியில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடுவேன். அப்படிப்பட்டவன், தினமும் விழுங்கும் மாத்திரையின் அட்டையை ஒன்பது மாதம் திருப்பிப் பார்க்கவில்லை.

பெரியப்பா ஒருநாள் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பழகிரும்டா, நிறுத்து" என்றார். அன்றைக்கே நிறுத்தினேன். மூன்றாம் நாள் இருபதாம் தேதி, ரிட்டர்ன் போடும் கடைசி நாள். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு பக்கத்து லெட்ஜருக்குக் கண்ணைத் திருப்பினால் தலைக்குள் 'ஜிவ்'வென்று ஷாக் அடித்தது. மறுபடி திருப்பினால் மறுபடி 'ஜிவ்'. வலி என்று சொல்ல முடியாது. ஒரு விநாடி மூளை அணைந்து எரிவது மாதிரி. அப்புறம் வியர்வை, கை நடுக்கம், காரணமே இல்லாமல் எல்லார் மேலும் எரிச்சல். நான்கு ராத்திரி சுத்தமாகத் தூக்கமில்லை. 'நோய் திரும்பிவிட்டது, இனி வாழ்நாள் முழுக்க இதுதான்' என்று முடிவே கட்டிவிட்டேன்.

கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள் என் மனைவி. அவர் அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த இரண்டு வரிகளுக்கு அடியில் நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். எசிடலோபிராம் 10 மி.கி. குளோனசெபாம் 0.5 மி.கி. "மாத்திரை ஒண்ணுதான், மருந்து ரெண்டு. ரெண்டையும் ஒரே நாள்ல விட்டிருக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். முதலாவது மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான மருந்து, வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். ஆரம்ப நாட்களில் பதற்றத்தைக் கொஞ்சம் கூட்டக்கூடச் செய்யும். அதைச் சமாளிக்கத்தான் இரண்டாவது. அது உடனே அமைதிப்படுத்தும், தூங்கவைக்கும். ஆனால் பெரியப்பா சொன்ன 'பழகிரும்' உண்மையில் இந்த இரண்டாவதுக்குத்தான் பொருந்தும். சில வாரங்களில் குறைத்து நிறுத்த வேண்டியதை, இரண்டையும் ஒட்டி ஒரே மாத்திரையாக்கிவிட்டால் எப்படித் தனியாக நிறுத்துவது? பாதியாக உடைத்தால் இரண்டுமே பாதியாகும். நம் ஊரில் இந்தக் கூட்டு மாத்திரை எத்தனை வீட்டுப் பிரிட்ஜ் மேல் கிடக்கிறது தெரியுமா? போய் ஒருதரம் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பார்த்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதைச் செய்தவன்தான் இதை எழுதுகிறேன்.

கோவை டாக்டர் இரண்டையும் தனித்தனி மாத்திரையாகப் பிரித்தார். குளோனசெபாமைக் கால் கால் மாத்திரையாக இரண்டரை மாதத்தில் இறக்கினார். ஷாக் நின்றது. மருந்தை விட்ட சில நாட்களிலேயே இப்படித் தலைக்குள் ஷாக்கும் கிறுகிறுப்புமாக வந்தால் அது பெரும்பாலும் மருந்தை விட்டதன் விளைவு, நோய் திரும்புவதென்றால் பொதுவாக வாரக்கணக்கில் மெல்ல வரும் என்று அவர் சொன்னதைக் கேட்டபோது பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

இப்படி மெல்ல மெல்ல இறக்குவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. குழம்பில் முதல் சிட்டிகை உப்பு விழும்போதுதான் ருசி ஒரேயடியாக மாறும். ஏற்கெனவே உப்பு இருக்கிற குழம்பில் இன்னொரு சிட்டிகை போட்டால் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. மூளையில் எசிடலோபிராம் போன்ற மருந்துகளும் அப்படித்தான். 20-இலிருந்து 10-க்கு இறங்குவது சுலபம், 5-இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதுதான் பெரிய பள்ளம். 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் இதை விளக்கி எழுதினார்கள். கடைசிப் படிகளை மிகச் சின்னதாக வைத்து, மாதக்கணக்கில் இறங்கச் சொன்னார்கள். ஹோரோவிட்ஸ் மனநல மருத்துவப் பயிற்சியில் இருந்த டாக்டர்தான், ஆனால் தானே இந்த மருந்தை விடும்போது பட்ட அவதியிலிருந்துதான் அந்தக் கேள்விக்கே வந்தார். அடுத்த வருடமே இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் இப்படி இறங்குவது பற்றி நோயாளிகளுக்கென்று வழிகாட்டி வெளியிட்டது. நோயாளிகள் பல வருடமாகச் சொல்லிவந்ததுதான், ஒரு டாக்டருக்கே வந்த பிறகு காதில் விழுந்தது.

நடுவில் எனக்கும் எசிடலோபிராமை 20 ஆக்கினார்கள். படபடப்பு நன்றாக அடங்கியது. கொட்டாவி கொட்டாவியாக வந்தது, தலைமாட்டில் மாற்றுச் சட்டை வைத்துக்கொண்டு தூங்கும் அளவுக்கு வியர்வை. அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவின் வருடத் திதி வந்தது. ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விடுகிறேன், அம்மா பக்கத்தில் நின்று தேம்புகிறாள். எனக்கு ஒன்றுமே வரவில்லை. ஐயர் தட்சிணை போதாது என்று முனகியது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. அப்பாவுக்காகத்தானே எனக்குத் தூக்கமே போனது! இதைச் சொன்னதும் டாக்டர் 10-க்கு இறக்கினார். ஜப்பானைச் சேர்ந்த ஃபுருகாவா குழுவும் 2019-இல் இதுபோன்ற மருந்துகளை ஆராய்ந்து, ஓரளவுக்கு மேல் டோஸைக் கூட்டினால் பலன் கூடுவதில்லை, பக்கவிளைவால் பாதியில் விடுகிறவர்கள்தான் கூடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறது. இது சராசரிக் கணக்குதான். என் அலுவலக நண்பர் ஒருவர் 20-இல்தான் மனிதராக நடமாடுகிறார்.

சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. தாம்பத்தியம். ஆசை குறைந்தது, இருந்தபோதும் நடக்க வேண்டியது நடக்க ரொம்ப நேரமானது, பல நாள் நடக்கவே இல்லை. மூன்று தடவை டாக்டரைப் பார்த்தும் வாய் வரவில்லை. நான்காவது தடவை எழுந்து கதவுப் பிடியில் கைவைத்த பிறகு, திரும்பி நின்று சொன்னேன். "உக்காருங்க" என்றார். இந்த வகை மருந்தில் நிறையப் பேருக்கு வருவதுதானாம், டோஸைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம், வழி உண்டாம். சரி, நிறையப் பேருக்கு வருவதென்றால் முதல் தடவையே நீங்கள் கேட்டிருக்கலாமே டாக்டர்? மலம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்கிறீர்கள், இதைக் கேட்க என்ன தடை? அத்தனை மாதம் என் மனைவி தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதை அப்புறம் ஒருநாள் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

என் அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். மாமா இறந்த பிறகு சாப்பாட்டையே தொடவில்லை என்று இந்த வகை மருந்தில் குறைந்த டோஸ் கொடுத்தார்கள். பத்தே நாளில் பேச்சுக் குழறியது, கொல்லைப்புறத்தில் தடுமாறி விழுந்தார். 'மாமா நினைப்பு, புத்தி பேதலிச்சிருச்சு' என்று வீட்டில் ஆளுக்கொன்று பேசினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 118. இருக்க வேண்டியது 135-க்கு மேல். வயதானவர்களுக்கு, அதுவும் இந்த இரண்டு மாத்திரையும் சேரும்போது, சோடியம் இறங்கும் என்பது தெரிந்த விஷயம். 'பவர் கம்மிதான்' என்று எல்லோரும் தைரியமாக இருந்தோம்.

இளவயதுப் பிள்ளைகளுக்குக் கவனம் வேறு மாதிரி. முதல் சில வாரங்களிலும் டோஸ் மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004-இல் சிறுவர்களுக்கும், 2007-இல் இருபத்து நான்கு வயது வரையுள்ளவர்களுக்கும் கட்டம் கட்டி எச்சரித்தது. அந்த வாரங்களில் பிள்ளை உறங்குகிறதா, உலாத்துகிறதா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். டாக்டர் கிடைக்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

இதைப் படித்துவிட்டு 'அதனால்தான் இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்' என்று கமெண்ட் போட வருகிறவர்கள் தயவுசெய்து அப்படியே போய்விடுங்கள். இந்த மாத்திரை இல்லாவிட்டால் நான் இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்க மாட்டேன்.

இப்போது பழைய டே புக் ஒன்றை மருந்துக்கென்று வைத்திருக்கிறேன். இடப்பக்கம் தேதி, டோஸ். வலப்பக்கம் உடம்பு சொன்னது. வியாழக்கிழமை கோவை போகிறேன். கேட்க வேண்டியவை என்று இரண்டு குறித்திருக்கிறேன்: இந்த வருடமே 10-இலிருந்து இறங்க ஆரம்பிக்கலாமா, எனக்குக் கிடைப்பதில் சின்ன மாத்திரை 5 என்பதால் கடைசியில் அதை எப்படி உடைப்பது. அதற்குக் கீழே மனைவி தன் கையெழுத்தில் மூன்றாவதாக ஒன்று எழுதி வைத்திருக்கிறாள். இந்தத் தடவை அவளும் உள்ளே வருகிறாளாம்.